அலுமாரிக்குள் பூட்டிய போன்

மகளின் போனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய பிறகு சிவாஜினி இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். லிங்கநகரில் பிள்ளைக்கு மார்க்ஸ் குறைந்தாலும் போனைப் பறிப்பார்கள், சோறு இறங்காவிட்டாலும் போனைப் பறிப்பார்கள், தடிமன் தும்மல் வந்தால்கூடப் பழி போனின் மேல்தான். அவள் மட்டும் என்ன விதிவிலக்கா? பதின்மூன்று வயதுக் கீர்த்தனி, தாய் அறைக்குள் வந்தாலே போனைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கியிருந்தாள். என்ன ஏது என்று கேட்காமல் சிவாஜினி அதைப் பிடுங்கிக்கொண்டாள். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்யும் கணவன் இராகுலன், முதலில் பிள்ளையோடு கதைத்துப் பார்க்கச் சொன்னான். கதைத்துக் கிழித்தது போதும் என்று அவனுக்கும் சேர்த்து ஏச்சுக் கொடுத்தாள். கீர்த்தனி அழவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. அந்த அமைதியைத் தன் வெற்றி என்றே தாய் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் கீர்த்தனி உட்துறைமுக வீதியில் நடக்கும் கணித வகுப்புக்குப் போயிருந்தாள். அலுமாரிக்குள் போன் முனகியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் முனகியது. வகுப்புக் குழுவில் ஏதும் அறிவித்தல் வந்திருக்கும் என்று சிவாஜினி எடுத்துப் பார்த்தாள். திறக்கும் இலக்கம் மகளின் பிறந்த திகதி. பெற்றவளுக்கு அது தெரியாதா?

வந்தது குழுவிலிருந்து அல்ல. ரோசாப்பூப் படம் போட்ட, முன்பின் தெரியாத ஓர் ஆள் எழுதியிருந்தான்.

"இண்டைக்கு வகுப்பு விடேக்க கேற்றடியில நிப்பன். நீ பதில் போடாட்டியும் நான் உன்னைப் பாக்கத்தான் போறன்."

சிவாஜினிக்கு முதலில் வந்தது மகள் மேல் கோபம்தான். இதுதானா மறைத்த சங்கதி என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே தள்ளிப் படித்தாள். கீர்த்தனி எழுதியிருந்தது கொஞ்சம். நீங்கள் யார் என்று கேட்டிருந்தாள். எனக்கு எழுதாதேங்கோ என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள். என் பேரும் வகுப்பும் உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டிருந்தாள்.

"உன்ரை அம்மாதானே எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கிறா" என்று அவன் பதில் எழுதி, கீழே ஒரு படமும் அனுப்பியிருந்தான்.

அது சிவாஜினியே பேஸ்புக்கில் போட்ட படம். வகுப்பின் பெயர்ப்பலகைக்கு முன்னால் கீர்த்தனி பரிசோடு நிற்கிறாள். மேலே தாய் எழுதிய வசனம்: எங்கள் செல்லம் கீர்த்தனி, சனிக்கிழமை கணித வகுப்பில் முதலாம் இடம். மகளின் பேஸ்புக் கணக்கையும் அதோடு இணைத்திருந்தாள். அதற்கு முன்னால், மகள் பெரிய பிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டுப் படங்கள், அல்பம் அல்பமாக. கனடாவில் இருக்கும் பெரியம்மா பார்க்க வேண்டும், லண்டன் மாமி பார்க்க வேண்டும் என்று போட்டது. வேறு யாரெல்லாம் பார்க்கலாம் என்று அவள் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. போடாதேங்கோ அம்மா என்று கீர்த்தனி அன்று குசினி அடுப்பு வரைக்கும் பின்னாலேயே வந்தாள். ஊர் உலகமே போடுது, உனக்கு மட்டும் என்ன வெட்கம் என்று இவள் சிரித்தாள். மகளின் போனைப் பூட்டத் தெரிந்தவளுக்குத் தன் போனைப் பூட்டத் தோன்றவில்லை.

வீட்டைச் சாத்தினாளா என்றுகூட நினைவில்லை. சந்தியில் நின்ற ஓட்டோவில் ஏறியதும், வெளியே வராதே, உள்ளேயே நில் என்று மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டது. தன் போனை எடுத்து மகளின் பெயரை அழுத்தினாள். அவளுடைய மடியிலேயே மற்றப் போன் அடித்தது. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு போனும் தாயிடம், பிள்ளை வீதியில்.

வகுப்பு அன்று நேரத்தோடே விட்டிருந்தது. வாசல் கேற் பூட்டிக் கிடந்தது. எதிர்க் கடைக்காரரிடம் ஓடினாள். பிள்ளைகள் போய்க் கனநேரம் என்றார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் மோட்டார் சைக்கிளோடு நின்றுவிட்டுப் போனதாகவும் சொன்னார். அவனோடு பிள்ளை யாரும் ஏறினதா என்று ஒருபடியாகக் கேட்டாள். கவனிக்கவில்லை என்றார் அவர்.

இராகுலனுக்கு அழைத்தாள். படகில் நிற்கும்போது அவன் எடுப்பதில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் துறைமுகத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. யாரைக் கேட்பது, எந்தப் பக்கம் ஓடுவது? மகளின் சிநேகிதிகள் யார் என்று யோசித்தபோது அசனா என்ற ஒரு பெயர்தான் வந்தது. மகளின் போனில் தேடினாள். அசனாவின் உம்மா ஹுஸ்னியாவின் இலக்கம் இருந்தது.

"பிள்ளை எங்கட வீட்டதான் இருக்கா" என்றாள் ஹுஸ்னியா. "வாசல்ல ஹெல்மெட்டோட ஒருத்தன் நிக்கிறதக் கண்டு, ரெண்டு பேரும் பின்னால சின்ன ஒழுங்கையால வந்துட்டாங்க. பயந்து போய் இருக்கா. வந்து ஏசிடாதீங்க."

சிவாஜினி கடை வாசலிலேயே குந்திவிட்டாள். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஹுஸ்னியாவின் வீட்டுக் கூடத்தில் கீர்த்தனி கதிரை நுனியில் இருந்தாள். தாயைக் கண்டதும் எழும்பவில்லை. ஹுஸ்னியாதான் நடந்ததைச் சொன்னாள். போன கிழமையே கீர்த்தனி அவளிடம் எல்லாவற்றையும் காட்டியிருந்தாள். பதில் போடாதே, ஒன்றையும் அழிக்காதே, அம்மாவிடம் சொல் என்று ஹுஸ்னியா சொல்லியிருந்தாள். சொல்லாவிட்டால் இன்றைக்குத் தானே அழைத்துச் சொல்வதாக இருந்தாளாம். போனோடு பொலிசுக்குப் போக வேண்டும், தானும் கூட வருகிறேன் என்றாள். எதைக் கொண்டுவந்து காட்டினாலும் போனைப் பறிக்கமாட்டேன் என்று அசனாவுக்கு அவள் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள். அவ்வளவுதான் அந்த வீட்டுச் சட்டம். சிவாஜினிக்கு நன்றியும் வந்தது, வயிறும் எரிந்தது. தன் பிள்ளையின் பயத்தை இன்னொரு வீட்டுத் தாய் ஒரு கிழமை சுமந்திருக்கிறாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

கீர்த்தனி தலை நிமிரவில்லை. "சொன்னாப் போனைப் பறிப்பீங்கள் எண்டு பயந்தனான். பறிச்ச பிறகு சொல்லி என்ன?"

சிவாஜினி தன் போனைத் திறந்து மகளின் கையில் வைத்தாள்.

"பிழை என்னிலதான். எந்தப் படம் இருக்கலாம், எது இருக்க ஏலாதெண்டு நீயே சொல்லு."

கீர்த்தனி ஒவ்வொன்றாக எடுத்தாள். வகுப்புப் படம் போனது, சாமத்தியவீடு போனது, பள்ளிக்கூட உடுப்பில் நின்ற படங்கள் எல்லாம் போயின. சிலவற்றைப் பெரியம்மா ஏற்கெனவே தன் பக்கத்திலும் போட்டிருந்தாள். அதைப் பார்த்தவர்கள் யார், எடுத்து வைத்திருப்பவர்கள் யார் என்று இனி ஒருவருக்கும் தெரியாது.

"வேறை ஆரும் இப்பிடி எழுதினவையோ?" இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று கேட்கும்போதே சிவாஜினி கடவுளை வேண்டினாள்.

கீர்த்தனி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவாஜினி முகத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஓம்" என்றாள் மகள். "இன்னொரு ஆள். ஏசமாட்டீங்கள் எண்டாச் சொல்லுறன்."

"ஏசமாட்டன். சொல்லு."

கீர்த்தனி கதிரையைத் தாயின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினாள்.