திரும்பும்போது பேசலாம்

வேனின் பின்கதவு திறப்பேனா என்றது. ஆஸ்பத்திரியின் பின்வாசலில் தள்ளுகட்டிலில் அவள் கணவர் கிடக்க, அவளுடைய தம்பி வேனைச் சுற்றிச் சுற்றி வந்தான். இழுத்தான், தட்டினான், சாவியில் இருந்த பொத்தான்களையெல்லாம் அமுக்கினான். விளக்கு எரிந்தது, பக்கக் கண்ணாடிகள் மடங்கி விரிந்தன, கதவு மட்டும் அசையவில்லை.

"என்ன எழவு வண்டியோ!" என்று சொன்னவன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரி வண்டி எங்கோ தூரம் போயிருந்தது, திரும்ப இருட்டிவிடும் என்றார்கள். இந்த மின்சார வேன் கையெட்டும் தூரத்தில் சும்மா நின்றது. இவர்களுடையதுகூட இல்லை. வாங்குவதற்கு முன் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று கம்பெனி கொடுத்தனுப்பியது. அதில் எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று கற்றுவைத்திருந்த ஒரே ஆள் தள்ளுகட்டிலில் இருந்தார். காலையில் ஓட்டல் வாசலில் துணிமூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஓட்டல் ஆள் ஒருவர் அவரை முன்சீட்டில் சாய்த்து இங்கே ஓட்டிவந்து சேர்த்துவிட்டுப் போனார், அவள் பின்னாலேயே ஆட்டோவில் வந்தாள். டாக்டர் அவரைத் தொட்டுப் பார்த்தார், பிறகு அவளை உட்காரச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் தம்பி வேன் கம்பெனியின் டைக்காரருக்கு போன் போட்டான். மூன்று மாதமாக வீட்டுக்கு நடையாய் நடக்கும் விற்பனையாளர் அவர். கழுத்தில் டை இல்லாமல் வரமாட்டார் என்பதால் டைக்காரர் என்று பெயர் வைத்ததே அவள் கணவர்தான்.

"என்ன, இன்னிக்கு சார்கிட்டேர்ந்து போனே வரல? இந்நேரம் பத்துக் கேள்வி கேட்டிருப்பாரே!" டைக்காரரின் குரல் உற்சாகமாக வந்தது.

தம்பி வேனின் பின்பக்கம் போய் நின்றான். "பின்கதவு... எப்படித் திறக்கறது?"

"கைப்பிடிக்கு மேல ரப்பர் மாதிரி ஒண்ணு இருக்கும், அத அமுக்குங்க. சாரக் கேட்டாச் சொல்வாரே! வண்டி புடிச்சிருக்காமா அவருக்கு?"

அவள் போனை வாங்கினாள். "புடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டுத் துண்டித்தாள்.

கதவு திறந்தது. தூக்கும்போது அவர்மேல் போர்த்தியிருந்த துணி அவள் கண்ணில் பட்டது. பழுப்பேறி, ஓரத்தில் சோப்புத் திட்டு அப்படியே காய்ந்திருந்தது. "இத எவன் வெளுத்தான்?" என்று அதை உருவி எறிந்தாள். ஓட்டலில் இறக்காமல் விட்ட மூட்டை ஒன்றைப் பிரித்து, தன் கையால் மடித்த வெள்ளைப் படுக்கைவிரிப்பை எடுத்துப் போர்த்தினாள். இருபத்தைந்து வருஷம் ஊர்த் துணி வெளுத்த மனிதர் அழுக்குத் துணியிலா வீட்டுக்குப் போவார்?

லாண்டரி வைத்திருப்பவர்கள் வீட்டில் ரகசியம் தங்காது. கீழே ராட்சச மெஷின்கள் உருண்டுகொண்டிருக்கும், மாடியில் குடித்தனம். தெருவில் இறங்கினால் டீசல் வேன். அது கிளம்பினால் மூன்று தெரு எழுந்துவிடும் என்பதால் அதற்குச் சிங்கம் என்று பெயர். மெஷினோடும் சிங்கத்தோடும் மல்லுக்கட்டி, புருஷனும் பெண்டாட்டியும் எதையும் கத்தித்தான் பேசுவார்கள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருநாள் பதறி ஓடிவந்து, "அண்ணே, விடுங்க, குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்" என்று சமாதானம் பேசினார். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது சோப்புத்தூள் தீர்ந்துபோனதைப் பற்றி.

கத்திச் சொல்லக்கூடியதை மட்டுமே இத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை மூட்டை, கறை போச்சா, சாப்பிட்டாச்சா. மெதுவாகத்தான் சொல்ல முடியும் என்கிற விஷயங்கள் சொல்லாமலே தங்கிப்போயின. ராத்திரி பேசலாமே என்றால், மெஷின் நின்றதும் இவர்களும் நின்றுவிடுவார்கள், தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை. அவளுக்கு அது ஒரு பசியாகவே இருந்தது. ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போடாமல் பேச வேண்டும்.

வண்டி மாற்றுவது என்று முடிவானதும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஆள். மூன்று வேன்கள் பார்த்தார். முதலாவது ரொம்ப தூரம் ஓடும், ஆனால் தளம் இடுப்பு உயரம். "மூட்டை தூக்கறவன் முதுகு என்ன இரும்பா?" என்று டைக்காரரை மடக்கினார். இரண்டாவது விலை மலிவு, ஆனால் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் சீட்டு. "இவ எங்க உக்காருவா, கூரை மேலயா?" மூன்றாவதுக்குத் தளம் தாழ்வு, பக்கத்தில் ஒரு சீட்டும் இருந்தது. அதில் ஏறி, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்.

"கேக்குதா?" என்றார், கத்தாமல்.

"கேக்குது."

"இதுல பேசிக்கிட்டே போலாம்."

"என்னத்தப் பேச?"

"தெரியல. பேசிப் பாத்தாத்தானே தெரியும்." புது மாப்பிள்ளை மாதிரி அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி வெளியே நின்ற டைக்காரரிடம் திரும்பி, "காகிதத்துல போட்ட தூரமெல்லாம் காலி வண்டிக்கு. ஈரத்துணி ஏத்திப் பாத்தாத்தான் வண்டவாளம் தெரியும்" என்றார்.

அதனால்தான் இன்று காலை வேண்டுமென்றே பாதிக்குப் பாதி நனைந்த மூட்டைகளாக ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். முதலில் சொல்ல வேண்டியதைக்கூட யோசித்து வைத்திருந்தாள். அவருடைய கண்ணோ சார்ஜ் காட்டும் எண்ணைவிட்டு நகரவில்லை. அவள் வாயைத் திறந்தபோது கையைக் காட்டித் தடுத்தார்.

"இரு இரு, இந்த மேட்டுல எவ்வளவு குடிக்குதுன்னு பாக்கறேன். போகும்போது கணக்கு. திரும்பும்போது பேசலாம்."

சரி என்றாள். எங்கே ஓடிவிடப் போகிறார் என்று நினைத்தாள்.

இப்போது திரும்பிக்கொண்டிருந்தார்கள். தம்பி முன்னால் கூப்பிட்டும் போகாமல், பின்னால் அவர் தலைமாட்டில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆத்தங்கரை ரோட்டுல சுத்திப் போ," என்றாள்.

"அக்கா, சார்ஜ் இருபதுதான் காட்டுது. நேர் வழியே சரியா இருக்கும். மாமாவ வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னா..."

"ஈர மூட்டையெல்லாம் எடுத்து வெளிய போட்டாச்சு. இப்போ காலி வண்டி கணக்குடா. ஓடும்."

"ஓடலைன்னா?"

"நின்னா நிக்கட்டும்டா!"

தம்பி ஆற்றங்கரைப் பக்கம் திருப்பினான். ஒரு சத்தமும் இல்லை. சக்கரம் உருளுகிற சன்னமான இரைச்சல் மட்டும்தான்.

"என்னங்க!" என்றாள். இருபத்தைந்து வருஷப் பழக்கம், குரல் கூரையில் போய் இடித்தது. தம்பி பயந்து பிரேக்கைப் போட்டான்.

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டு."

அவள் குனிந்தாள். யோசித்து வைத்திருந்தது மறந்தே போயிருந்தது. இஸ்திரி மேஜை உறை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றாள். மகள் ரயில் ஏறிவிட்டாள், காலையில் வந்துவிடுவாள் என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு, தன் காதுக்கே கேட்காத குரலில், வேறொன்று வந்தது.

"கல்யாணமான புதுசுல ஒரு தடவ என் கைய எடுத்து மோந்து பாத்தீங்க. சோப்பு வாசன அடிக்குதுன்னீங்க. அதுக்குள்ள யாரோ வந்துட்டாங்க. உங்களுக்குப் புடிக்கலயோன்னு நெனச்சு, அன்னிலேர்ந்து தினம் உங்க பக்கத்துல வர்றதுக்கு முன்னாடி எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் வருவேன். இன்னி வரைக்கும் கேக்கல. புடிச்சுதா, புடிக்கலயா?"

அவளுக்கு அவர் வேண்டும். பதில்கூட வேண்டாம், "என்னது?" என்று எரிச்சலாக ஒரு தடவை திரும்பிக் கேட்டால் போதும். கேட்டால், இன்னொரு தடவை சொல்வாள். பத்துத் தடவை வேண்டுமானாலும் சொல்வாள்.

ஆறு முடிந்து கடைத்தெரு வந்தது. சார்ஜ் எண் பத்துக்குக் கீழே இறங்கியதும் சிவப்பாக ஏதோ எரிந்தது, தம்பி கும்பிடாத தெய்வமில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். மகள் பிறந்த அன்று அவர் அழுததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்ததைச் சொன்னாள். அவர்மேல் கோபித்துக்கொண்டு மூட்டை கட்டி, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்ததைச் சொன்னாள். அப்படி ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது.

லாண்டரி மதில் ஓரமாக வேன் போய் நின்றது. உள்ளே முற்றத்தில் சொந்தமும் அக்கம்பக்கமும் கூடியிருந்தன. நாற்காலி இழுக்கும் சத்தமும் பேச்சும் மதிலைத் தாண்டிக் கேட்டன. இந்த வண்டி வந்து நின்றது ஒருவர் காதிலும் விழவில்லை.

"இன்னுமா வண்டி வரல?" என்று உள்ளே யாரோ கேட்டார்கள்.

"சுத்தி வராங்களோ என்னவோ," என்றார் இன்னொருவர்.

தம்பி ஹாரனை அடிக்கக் கையைத் தூக்கினான்.

"இருடா," என்றாள் அவள் பின்னாலிருந்து. "பாதியில இருக்கேன்."

அவன் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, முன்கண்ணாடி வழியே வெறும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.