கிழ எருமையின் குண்டிக்காய்

விடியலில் ஆற்றுப் பனிக்குள் எருமைகள் வந்து நிற்கும். கழுத்தில் நுகத்தடியின் காய்ப்பு, மூக்கில் கயிறு. இந்த வயல்களிலேயே பதினைந்து வருடம் உழுதவை. கொம்பின் வளையங்களைத் தடவி வயதைப் பார்ப்பேன், பிறகு கத்தி. ஆவி பறக்கும் வயிற்றுக்குள் முழங்கை வரை விட்டு, கொழுப்பிலிருந்து சிறுநீரகத்தை, எங்கள் பேச்சில் குண்டிக்காயை, உருவுவது என் வேலை. திராட்சைக் குலைபோல முண்டு முண்டாக, உள்ளங்கையில் சூடாக இருக்கும்.

கறி சந்தைக்கு, குண்டிக்காய் அறுப்பவர்களுக்கு என்று அறுப்புக்கூடத்து லுவோ முதலாளி மூன்று வருடத்துக்கு முன் வழக்கமாக்கினார். நல்ல மனிதர் என்றோம்.

அப்போதுதான் என் மனைவி யுன்ஷியாங்குக்கு இடுப்பு வலி தொடங்கியிருந்தது. நோகிற உறுப்புக்கு அதே உறுப்பைத் தின்னவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். இடுப்பு நொந்தால் குண்டிக்காய். இஞ்சியும் மிளகாயும் போட்டு வதக்கிக் கொடுத்தேன். வலி கூடக்கூட என் பங்கையும் அவள் கிண்ணத்தில் தள்ளினேன். போன மாதம் தும்மினாள். விலா எலும்பு முறிந்தது. காய்ந்த மூங்கில் முறிகிற சத்தம். கத்தி தீட்டும்போதெல்லாம் அது எனக்குக் கேட்கிறது.

போன வாரம் கால்நடை மருத்துவர் ஹோ வந்தாள். மேலாற்றில் துத்தநாகம் உருக்கும் ஆலையிலிருந்து காட்மியம் என்ற விஷ உலோகம் தண்ணீரிலும் புல்லிலும் கலக்கிறது என்றாள். குடல் சிறிதளவே உறிஞ்சும். அதை முதலில் ஈரல் பிடிக்கும், பிறகு குண்டிக்காய்க்குப் போகும். குண்டிக்காய் அதை விடாது, வருடா வருடம் சேர்க்கும். கறியில் அவ்வளவு தங்காது. அந்தக் குண்டிக்காயைத் தொடர்ந்து தின்றால் மனுஷ எலும்பு உளுத்துப்போகும். மூன்று வருடத்துக்கு முன்பே, கிழ எருமையின் குண்டிக்காயை விற்கக்கூடாதென்று உங்கள் முதலாளிக்கு எழுதியிருந்தோமே என்றாள்.

வீட்டில் சொன்னேன். யுன்ஷியாங் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ருசியாத்தான் இருந்துச்சு," என்றாள். "அழாத. நீ அழுற மூஞ்சியப் பார்த்தா சிரிப்பு வருது. சிரிச்சா விலா நோகுது."

மறுநாள் விடியலில் அறுப்பவர்கள் பதினோரு பேரும் கத்தியைக் கீழே வைத்தோம்.

"விக்கக் கூடாதுன்னுதான் எழுதினாங்க," என்றார் லுவோ. "நான் வித்தேனா?"

தோலுரிக்கும் மோ அண்ணன் நிதானமாகக் கேட்டார்: "உங்க வீட்டுல ஒரு நாளாவது வதக்கினீங்களா, முதலாளி?"

 அவர் பெட்டியிலிருக்கும் குண்டிக்காய்கள் அத்தனையையும் சுண்ணாம்புக் குழியில் கொட்டச் சொன்னார். நாங்கள் கொட்டாமல், அவற்றைப் பெட்டியிலேயே பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்தோம். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இவற்றையும் எங்கள் ரத்தத்தையும் சேர்த்துப் பரிசோதிப்பார்களாம். மருத்துவர் ஹோ கடிதம் கொடுத்திருந்தாள். பஸ் ஏறுகிறவன் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்றார் லுவோ.

பெட்டியோடு நாங்கள் காத்திருந்த இடத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது என்ன கறி வண்டியா என்றான். "ஆமா தம்பி," என்றார் மோ அண்ணன், "நாங்கதான் கறி."

யுன்ஷியாங்கைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தேன். பஸ்ஸின் படி உயரம். எங்கே பிடித்தாலும் எலும்பு முறியலாம். நான் கை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக நின்றேன். மோ அண்ணன் மற்றவர்களைப் பார்த்தார். ஆறு பேர் மணிக்கட்டோடு மணிக்கட்டு கோத்து, அவளுக்குக் கீழே கைகளை நுழைத்தார்கள். எருமைத் தொடையைக் கொக்கியில் மாட்டும் கைகள்.

"மெதுவா," என்றேன்.

"தெரியும்," என்றார்கள் ஒரே குரலில்.

டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்கள்.