சிவப்பில்லாத பொட்டலம்

கோமதி அம்மன் சன்னிதியில் வெள்ளைப் பூ வந்துவிட்டது. அதோடு பேச்சு முடிந்தது என்று பரமசிவன் நினைத்தார். பாவம், இத்தனை வருஷம் வளர்த்தும் மகள் சண்முகப்ரியாவை அவருக்குத் தெரியவில்லை.

வாசுதேவநல்லூர் மாரித்தாய் அத்தை தன் மகன் லிங்கேஷுக்கு அவளைக் கேட்டாள். ப்ரியாவுக்கு இஷ்டமில்லை. வாய் வலிக்கச் சொல்லியும் பார்த்தாள். அம்மன் சொல்லட்டும் என்றுவிட்டார் அப்பா. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் அந்தப் பேச்சே கிடையாது. பொட்டலம் கட்டியது அத்தை. எடுத்துத் தந்தது பிராகாரம் சுற்ற வந்த யாரோ வீட்டுச் சின்னப் பிள்ளை.

"அம்மனே சொல்லிட்டா. இனி நீ லிங்கேஷக் கட்டத்தான செய்யணும்" என்று பரமசிவன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரத வீதியில் அவர் வைத்திருக்கும் எலக்ட்ரிக்கல் கடையைப் பார்த்துக்கொள்பவள் ப்ரியா. பல்பு போச்சு என்று யார் வந்தாலும், ஹோல்டர் போயிருக்கலாமே அண்ணாச்சி என்று மாட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். குனிந்து, மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்தாள்.

"ஏட்டி, அதப் பிரிக்கக் கூடாது" என்று அத்தை பதறினாள். அந்தப் பதற்றத்திலேயே பாதி விளங்கிவிட்டது. நூலை அறுத்தாள். அதற்குள்ளும் வெள்ளை நந்தியாவட்டை.

"சிவப்பு வந்துட்டா லிங்கேஷ் மனசு ஒடிஞ்சிரும்லா, அதான்" என்றாள் அத்தை, தரையைப் பார்த்து.

பரமசிவன் கொஞ்சம் தடுமாறினார். "அதனால என்ன? எப்படியும் வெள்ளதான வந்துச்சு."

ப்ரியாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"வெறுஞ்சுவத்துல வச்சாலும் எரியுத டெஸ்டர நம்ம கடையில விப்பியளாப்பா? அது எரிஞ்சத வச்சு, கரண்டு இருக்குன்னு ஒத்துக்கிடுவியளா?"

"அம்மனும் டெஸ்டரும் ஒண்ணாட்டி?"

"இல்லதான். ஆனா அவ மாட்டேன்னு சொல்ல வழியே வைக்காம, சம்மதிச்சிட்டான்னு எப்படிச் சொல்லுதிய?"

"சரி, நியாயமாக் கட்டித் திரும்ப எடுப்போம்" என்றார்.

அத்தையின் கூடையில், வாங்கியும் கட்டாத செவ்வரளி கிடந்தது. ப்ரியா அதில் ஒன்றை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அம்மனுக்கு மட்டுமா, எனக்குந்தான் நீங்க சிவப்பு வைக்கல. அதான் நானே வைக்கேன். கடை தொறக்கணும், வாரியளா?"