எழுபத்தாறு நாள் காலித் தொட்டி

செம்பூரில் தனசீலன் வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஒரே வாரத்தில் பதினோரு மீன்கள் செத்தன. காரணம் பேயுமில்லை, பிசாசுமில்லை. மகன் ஏஞ்சலோவின் பாசம்தான். அம்மா சேசம்மாளுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று உருகிப்போய், தான் குடியிருக்கும் ஐரோலியிலிருந்து வரும் வழியில் ஒரு நீல மீனை வாங்கிவந்து நேரே தொட்டிக்குள் விட்டுவிட்டான். புது மீனைச் சில வாரமாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்வது? சொல்கிறவள்தான் போய்ச் சேர்ந்துவிட்டாளே.

தாராவியிலிருந்து தொட்டி பராமரிக்க வரும் ருக்சானா அந்த மீனைப் பார்த்ததுமே தலையில் கைவைத்தாள். உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஓர் உயிர். மீனின் தோலுக்குள் புகுந்து தின்று கொழுத்து, உதிர்ந்து, மணலில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடிக் கிளம்புகிற ஜாதி அது.

கடைசியில் மிஞ்சியது எம்பரர் ஒன்றுதான். நீல உடம்பில் மஞ்சள் கோடு போட்ட, உள்ளங்கை அகல மீன். கட்டைவிரல் அளவில் வந்ததை ஒன்பது வருஷமாகக் கையால் ஊட்டி வளர்த்தவள் சேசம்மாள்.

"அவ வளத்ததுல மிச்சம் இது ஒண்ணுதாம்மா," என்றார் தனசீலன். "இதுவும் போயிட்டா இந்த வீட்டுல நான் யார் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

ஆறடி ஆள். துறைமுகத்தில் முப்பது வருஷம் அதட்டி வேலை வாங்கியவர். சின்னப்பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"போவாது அண்ணாச்சி. நான் சொல்லுதபடி மட்டும் கேளுங்க."

மீனைப் பிளாஸ்டிக் டப்பில் விட்டாள். மூன்று நாளைக்கொரு தரம் புதுத் தண்ணீர், புது டப். நான்கு தரம் மாற்றினால் உதிர்ந்ததெல்லாம் பழைய டப்போடு தொலையும். பெரிய தொட்டியில் எழுபத்தாறு நாள் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. தின்ன ஆளில்லாமல் புள்ளிகள் பட்டினி கிடந்து சாகும். தண்ணீரைக் கொட்டிவிடலாம் என்றதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அதில் உப்புக் கலக்கியது சேசம்மாளின் கை. சரி, கிடக்கட்டும். ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூட டப்பில் விழக் கூடாது என்று மூன்று தடவை சொன்னாள்.

நான்காவது டப்பில் மீன் பளிச்சென்று இருந்தது. ஐந்து நாள் கழித்து வந்து பார்த்தால் மறுபடி உப்புப் புள்ளி. யா அல்லா என்று முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டாம் சுற்றும் முடிந்தது, மறுபடி வந்தது. வலை, குழாய், துண்டு எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்தாள். தன் கையையே சந்தேகப்பட்டாள். மீன் தீனியைத் தொடவில்லை. இன்னொரு தரம் நோய் வந்தால் தாங்காது.

அந்தக் காலித் தொட்டி வேறு அவளை என்னவோ செய்தது. உள்ளே இருந்தது பாறையும் நாலு நத்தையும்தான். ஆனாலும் முதுகைக் காட்டி நின்று வேலை செய்கிறபோது பின்னாலிருந்து யாரோ குனிந்து பார்ப்பதுபோல இருந்தது. பம்பு சத்தத்துக்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்குமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வழக்கமாக மதியம் வருகிறவள் ஒருநாள் காலையிலேயே வந்துவிட்டாள். பால்காரருக்காகக் கதவு திறந்தே கிடந்தது. தனசீலன் காலித் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கோயில் வாசலில் தீர்த்தம் தொடுகிறமாதிரி மூன்று விரலை அந்தத் தண்ணீரில் நனைத்து நெற்றி, நெஞ்சு, தோள் என்று சிலுவை போட்டார். பிறகு முழங்கை வரை கையை விட்டு, கண்ணை மூடி, சிரித்தபடி நின்றார். அப்புறம் அதே ஈரக்கையோடு டப்புக்கு வந்து மீனைத் தடவிக்கொடுத்தார்.

"அரே அண்ணாச்சி! என்ன காரியம் செஞ்சிய! நோயை நீங்களே கொண்டுபோயி ஊட்டுதியளே!"

அவர் வெட்கப்படவில்லை. "அவகிட்ட சொல்லிட்டுத்தாம்மா இதத் தொடுவேன். தெனமும் என் விரலப் பிடிக்கா. நீயே கைய வச்சுப் பாரு."

இந்தக் கூத்தை இன்றோடு முடிக்கிறேன் என்று ருக்சானா கையை விட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அவளுடைய இரண்டு விரல்களை ஏதோ மெதுவாகப் பற்றியது. நத்தையில்லை. நண்டில்லை. சாலையைக் கடக்கிறபோது கூட வருகிறவர் பிடிப்பாரே, அந்தப் பிடி. அவளுக்குத் தலைமயிர் கூச்செறிந்தது.

"பிடிச்சாளா?" என்றார் தனசீலன், ஆசையாக.

ஆமாம் என்றால் இந்த மனுஷர் சாகும்வரை கையை எடுக்கமாட்டார். மீன் இந்த வாரமே செத்துப்போகும். ருக்சானா கையை உருவிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எல்லாம் மனசுதான்."

அவர் முகம் அப்படியே வாடிப்போனது. துண்டில் கையை விரல் விரலாகத் துடைத்தார். தொட்டிக் கண்ணாடியருகே குனிந்து, "அப்ப நீ இல்லியாம்ல. சரி, போயிரு," என்றார். ருக்சானா அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அவர் கை டப்பிலிருந்து தொட்டிக்கும் நோயைக் கடத்தியிருக்கும் என்று, டப் மாற்றுவதை முதலிலிருந்து தொடங்கி, எழுபத்தாறு நாளையும் அன்றிலிருந்து புதிதாக எண்ணினாள். மனுஷர் தொட்டிப் பக்கமே வரவில்லை. மீன் தேறியது, தின்றது, டப்பே போதாமல் திமிறியது. தொட்டியின் பாசியைத் துடைக்க ருக்சானா மட்டும் வாரமொரு தரம் கையை விட்டாள். ஒவ்வொரு தரமும் அந்தப் பிடி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டப்பைத் தொட்டாள். வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

எழுபத்தாறாம் நாள் எம்பரரைத் தொட்டியில் இறக்கினாள். பாறையைச் சுற்றி ஒரு வட்டமடித்து, சொந்த வீடு என்கிற தெனாவட்டோடு வாலை ஆட்டியது. தனசீலன் எட்டவே நின்றார், தொட்டுவிடக் கூடாதென்று கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அதைப் பார்த்ததும் ருக்சானாவுக்கு மனசு பொறுக்கவில்லை. மீனை இறக்கிய கை இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது, அந்தப் பிடி அவள் விரல்களை விடவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். மீனு பொழைக்கணும்னுதான் சொன்னேன். பிடிச்சது. இப்பவும் பிடிச்சிருக்கு. வாங்க, இனி பயமில்ல, கைய வைங்க."

அவர் சட்டைக் கையை மடிக்கக்கூட இல்லை. தோள்வரை நனைய, அவள் கைக்குப் பக்கத்திலேயே கையை விட்டார். காத்திருந்தார். அவள் மணிக்கட்டைச் சுற்றித் தடவித் தேடினார். மீன் வந்து அவர் சட்டைக் கைப் பொத்தானை முகர்ந்துவிட்டுப் போனது.

"எங்கம்மா?"

"இங்கதான் அண்ணாச்சி. என் விரல்ல."

அவருடைய பெரிய விரல்கள் அவள் விரல்களின் மேல் ஊர்ந்தன. அங்கே தண்ணீரைத் தவிர அவருக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

"போயிருன்னு சொன்னேன்லா," என்றார் தனசீலன். "கோவிச்சுக்கிட்டா."

ருக்சானா பதில் சொல்ல வாயெடுத்தாள். பிடி இன்னும் இறுகியது.