விளையாட்டு தேவையில்லை

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் விளையாட்டு. அதாவது, கணக்கு. சுவரில் ஒட்டிய டைம்டேபிளில் மட்டும்தான் அது விளையாட்டு. ஜூன் மாதத்திலிருந்து கணக்கு சார் மாரியப்பன் சாக்பீஸோடு உள்ளே வந்துகொண்டிருந்தார், பி.டி. சார் ஷெர்வின் பந்துகளை வைத்துப் பூட்டிய அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏற்காட்டுப் பனி ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வரும், இரண்டு கணக்குப் பார்க்கும், வெளியேறிவிடும். பத்தாம் வகுப்புக்கு அந்த வசதி இல்லை. பேச்சுப்போட்டி, கோலப்போட்டி, ஓட்டப்பந்தயம் எல்லாவற்றுக்கும் தடை போட்டிருந்தார் மாரியப்பன் சார்.

போட்டிகளைப் பற்றி ஆளுக்கொரு கொள்கை இருந்தது. தஸ்லீமாவுக்குக் கோலப்போட்டி என்றால் அன்றைக்கு டெஸ்ட் இல்லை. சாதிக் பாஷா ஓடியதெல்லாம் பரிசு டிபன் பாக்ஸுக்காக. மேனகாவுக்கு மைக் வேண்டும். ஒன்பதாவதில் ஒருமுறை பேசினாள். பள்ளிக்குக் கீழே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அவள் அம்மா கண்ணாயி, அன்று வீட்டுக்கு வந்து, "உன்ற கொரலு கீழ வரைக்கும் கேட்டுது கண்ணு" என்றாள். அவ்வளவுதான். அது இன்னொருமுறை கேட்கவேண்டும்.

ஜனவரியில் மாரியப்பன் சாரின் தடையையும் மீறி, பள்ளி முழுவதற்கும் பேச்சுப்போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, 'பள்ளியில் விளையாட்டும் போட்டிகளும் தேவையா?' தேவை என்று பேச இருபத்தாறு பேர். தேவையில்லை என்று பேச ஒருவரும் இல்லை.

"ஏனுங்க சார்," என்றாள் மேனகா, "தேவையில்லைன்னு நான் பேசட்டுங்களா?"

மாரியப்பன் சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். எட்டு மாதத்தில் அவர் கட்சிக்குக் கிடைத்த முதல் தொண்டர். "நொம்ப சந்தோசம் சாமி. நறுக்குனு பேசு."

"துரோகிப் புள்ள," என்று தஸ்லீமா டிபன் பாக்ஸோடு வேறு பெஞ்சுக்குப் போனாள்.

ஷெர்வின் சார்தான் நடுவர். மேனகா மைக்கைப் பிடித்தாள்.

"எட்டு மாதமாக நாங்கள் பந்தைத் தொடவில்லை. அந்த நேரமெல்லாம் கணக்குப் போட்டோம். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் பத்தொன்பது பேர் ஃபெயில். விளையாடியிருந்தால் இருபது பேர் ஆகியிருப்போம். அந்த ஒருவரைக் காப்பாற்றியது யார்? எங்கள் கணக்கு சார்!"

ஹால் அதிர்ந்தது. முதலில் எழுந்து கைதட்டியவர் மாரியப்பன் சார். தஸ்லீமா பெஞ்சிலேயே சாய்ந்து சிரித்தாள். "என்ற பொழப்புக்கே உலை வெச்சுட்டியே கண்ணு," என்றபடி ஷெர்வின் சார் முதல் பரிசைக் கொடுத்தார்.

அடுத்தது சேலத்தில் மாவட்டப் போட்டி. கட்சியின் மானம் மலை இறங்கப்போகிறது. "பிராக்டிஸுக்கு என்ன வேணும், சொல்லு" என்றார் மாரியப்பன் சார்.

"கிரவுண்டு வேணுங்க சார். எதிர்க்கட்சிக்காரங்க சத்தம் போடறப்ப பேசிப் பழகோணுமுங்க."

"எத்தன பேரு?"

"நம்ம கிளாஸ் பூராவுங்க."

சார் சுவரிலிருந்த டைம்டேபிளைப் பார்த்தார். "வெள்ளிக்கிழம கடைசி பீரியட எடுத்துக்குங்க."

ஷெர்வின் சார் பூட்டைத் திறந்து, பந்துக்குக் காற்றடித்தார். மைதானத்து ஓரப் பாறைமேல் ஏறி நின்றாள் மேனகா. "விளையாட்டு தேவையே இல்லை!" என்று அவள் தொண்டை கிழியக் கத்த, பின்னால் நாற்பது பேர் ஒரே பந்தைத் துரத்தினார்கள். சாதிக் பாஷா உதைத்த உதையில் அது வேலி தாண்டி, சரிவில் உருண்டு, காப்பிச் செடிகளுக்குள் மறைந்தது. எல்லோரும் வேலியோரம் போய் நின்றார்கள். மேனகா நிறுத்தவில்லை, இன்னும் உரக்கக் கத்தினாள்.

கீழே செடிகளுக்கு நடுவே ஒரு தலை நிமிர்ந்தது. இடுப்பில் பழக்கூடையோடு கண்ணாயி ஒற்றைக் கையால் வீசிய பந்து, பனியைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது.