மூன்று நாள் உத்தரவாதம்

ரஹார்ஜோவின் இரண்டு வருட உழைப்புக்கு ஜகார்த்தாவின் குளோடோக் சந்தையில் விலை பத்தாயிரம் ரூப்பியா. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். மருந்துக்கடைகளின் இருப்பையும் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ள அவன் எழுதிய மென்பொருள் அது. அவனிடம் வாங்கினால் பதினைந்து லட்சம். அப்படி வாங்கியவர்கள் நகரம் முழுவதும் ஏழே பேர். மனைவியின் வளையல்கள் அடகுக்கடையில் இருந்தன. போலீஸ் புகாரை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆதாரத்துக்கு அதன் திருட்டு சிடி ஒன்றை வாங்க வந்திருந்தான்.

கடைக்காரி லானி நூடுல்ஸ் கிண்ணத்தை நகர்த்திவிட்டு, சிடி உறைமேல் ‘மூன்று நாள் உத்தரவாதம்’ என்று முத்திரை குத்தினாள்.

“திருட்டு சிடிக்கு உத்தரவாதமா அக்கா?”

“பின்ன? ஓடலேன்னா கொண்டா, மாத்தித் தரேன். நான் என்ன ஊரை ஏமாத்துறவளா? ஆனா தம்பி, இதை எழுதினவன் கெட்டிக்காரன்தான், தேதி பாக்குற எடத்துல மட்டும் தூங்கிட்டான்.”

“எங்க தூங்கிட்டான்?”

அவள் ஒரு நோட்டை விரித்தாள். வாங்கிய இருநூற்றுப் பன்னிரண்டு கடைகளின் பெயர், தொலைபேசி எண், நாற்பத்தொரு புகார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் சில்லறை. பிப்ரவரி இருபத்தொன்பதில் காலாவதியான மருந்தையெல்லாம் மென்பொருள் ‘நல்லது’ என்று காட்டியிருக்கிறது. பக்கத்து ஊரான பெகாசியின் கடைக்காரர் ஒருவர் குழந்தைக்கான இருமல் மருந்தை உறையில் போட்ட பிறகு, தற்செயலாகப் புட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். பணம் கொடுத்து வாங்கிய ஏழு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“எழுதினவன் நான்தான்,” என்று ரஹார்ஜோ புகாரை எடுத்து மேசைமேல் வைத்தான்.

லானி நிதானமாகப் படித்தாள். “எவ்வளவு போடுவாங்க?”

“அஞ்சு வருஷம் வரைக்கும். அபராதம்னா அம்பது கோடி.”

“அவ்வளவு இருந்தா நான் ஏன் சிடி விக்கிறேன்?” நோட்டை அவன் பக்கம் தள்ளினாள். “போலீசுக்கு அப்புறம் போ. முதல்ல இவங்களுக்கெல்லாம் போன் போடு. திருத்தினதை உன் விலைக்கே வித்துத் தரேன். பத்துக்கு ரெண்டு எனக்கு.”

“ஒண்ணரை.”

“எழுதுறதை விட பேரம் நல்லாவே வருது உனக்கு.”

அவள் தொலைபேசியிலேயே எண்களை அழுத்தினான். தன்னிடம் வாங்கிய ஏழு பேருக்கும் சொன்னான். காவல் நிலையம் போகும் நேரம் கடந்தது. அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடைசி எண்ணையும் முடித்த பிறகு, கை தானாகக் கணக்கு எழுதத் தொடங்கியது.

லானி தர வேண்டியது: இருநூற்றுப் பன்னிரண்டு பிரதிகள், முப்பத்தொரு கோடியே எண்பது லட்சம்.

லானிக்குத் தர வேண்டியது: தொலைபேசிச் செலவு, நாற்பதாயிரம். நாற்பது சில்லறைப் பிழைகள், பிழைக்கு ஆயிரம். பெகாசியில் யாரும் குடிக்காத இருமல் மருந்து, ஒரு புட்டி.

புட்டிக்கு எதிரே தொகை எழுத இடம் விட்டிருந்தான்.