சீனி வைத்த ரொட்டி

ஒரு சித்திரையில் தொடங்கி, சங்கிலி தூங்குவது தேனிப் பக்கத்துக் கூடலூரில், கண் விழிப்பது வேறு எங்காவது என்று ஆனது. ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் அவனுடையது. அவன் அம்மா ஜக்கம்மா வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டு, மகன் கையில் மஞ்சள் காப்பைக் கட்டிவிட்டாள். காப்புக் கட்டியவர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது என்று சங்கிலிக்கும் தெரியும். ஆனால் மறுநாளே ஜீப் குமுளியில் நின்றுபோனது. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், வண்டிக்குள்ளேயே படுத்துவிட்டான். இரண்டு பக்கமும் ஒரே கடைவீதி, ஒரே டீ, பாதி தமிழ் பாதி மலையாளம் என்று குமுளியை அவன் ஒரே ஊராக நினைத்திருந்தான். அம்மன் அப்படி நினைக்கவில்லை. எல்லை மீறிய கையால் இந்த வருஷம் சட்டி எடுக்க முடியாது, அடுத்த சித்திரையில் எடுத்துத்தான் காப்பை அவிழ்க்கலாம் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து தொடங்கியது. வீட்டில் படுத்தவன் கம்பத்தில் ஒரு உரக்கடை வாசலில் விழித்தான். கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள். கட்டிலோடு ஓடைப்பட்டியில், திராட்சைப் பந்தலுக்கு அடியில் விழித்தான். இந்த முறை விழித்த இடத்தை விட்டுக் கால் எழும்பவில்லை. அவன் மனைவி ஹேமாவதி ஹோட்டலில் வாங்கிவந்த இட்லியை முழுக்கத் தின்றும் எழும்பவில்லை. தோட்டக் காவல்காரர் முத்துவீரன் பந்தலோரம் தீ மூட்டி ஒரு சோளக்கதிரைச் சுட்டுக் கொடுத்த பிறகுதான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். அவன் இருக்கும் மண்ணிலேயே தீ மூட்டிச் சமைக்க வேண்டும் என்பது அப்படித் தெரிந்தது. ஒரு கதிர் போதவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. அன்று தேனியைத் தாண்டி, ஒரு காற்றாலையின் அடியில் கிடந்தான். வயிறு நிறைந்தால் அருகில், அரைவயிறு என்றால் தொலைவில். பள்ளத்தாக்கின் வாசலான ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிவிட்டால் மகன் திரும்ப மாட்டான் என்று ஜக்கம்மா அழுதாள்.

ஹேமாவதி போடி கடைவீதியில் ஜெபாவின் பாத்திரக்கடைக்குப் போனாள். மேகமலையில் கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களுக்கென்று ஜெபா வரவழைத்த சாமான் ஒன்று விலைபோகாமல் கிடந்தது. வாயோடு வாய் மூடிக்கொள்ளும் இரண்டு இரும்புத் தட்டுகள், ஒரு முழத்துக்கு மேல் கைப்பிடி. உள்ளே இரண்டு ரொட்டித் துண்டு, நடுவே என்ன வேண்டுமோ அது. மூடித் தீயில் காட்ட வேண்டியதுதான். ஜெபா அதை ரொட்டிக் குறடு என்றாள்.

“சட்டி பானையெல்லாம் தூக்கிட்டு அலைய முடியாதுக்கா. இது வாய மூடிருச்சுன்னா எந்தக் காத்துக்கும் மண்ணு விழாது. எங்க வீட்டுக்கார் வாயத்தான் ஒண்ணும் பண்ண முடியல.”

விடிந்ததும் சங்கிலி போனில் இடத்தை அனுப்புவான். ஹேமாவதி குறடு, ரொட்டி, முட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு டிவிஎஸ்ஸில் கிளம்புவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்த்தது அடுப்படி, தண்ணீர்க் குழாய், தெருமுனைக் கோயில். இப்போது வாய்க்கால் கரையில், தென்னந்தோப்பில், செங்கல் சூளை ஓரத்தில் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினாள். சில வாரங்களில் பள்ளத்தாக்கு முழுவதும் அவளுக்குச் சமையலாகவே தெரிந்தது. கறியும் முட்டையும் வைத்தால் மறுநாள் ஊர்க்கோடிக் கண்மாய். வெறும் முட்டை என்றால் கம்பம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் சின்னமனூர். வெறும் வெங்காயம் தேனி. தினமும் கறி வை என்று ஜக்கம்மா சொல்லியனுப்புவாள். கறி வைத்த மறுநாள் ஹேமாவதிக்குக் கையும் காலும் பரபரத்தன. கண்மாய்க்கரையில் தீ மூட்டும்போது சாலையில் போகும் பஸ்களின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே ரொட்டியைக் கருகவிட்டாள். முட்டை குறைந்தது. பிறகு கிழங்கு குறைந்தது. ஐப்பசியில் ஒருநாள், கூடை நிறைய முட்டை இருக்க, இரண்டு ரொட்டிக்கு நடுவே ஒரு கரண்டி சீனியை மட்டும் வைத்து மூடினாள்.

மறுநாள் போன் வரவில்லை. வெயில் வாசலைத் தாண்டி வந்த பிறகும் வரவில்லை. தன் கையாலேயே புருஷனைத் தொலைத்துவிட்டதாக எண்ணி ஹேமாவதி அவன் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்தினாள். பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“ஏ ஹேமா, இங்கன பூராம் தண்ணியா இருக்குடி. அக்கரையே இல்ல.”

“எந்த ஊருன்னு கேளுங்க மாமா!”

“கேட்டேன். மீனு வேணுமாங்கிறாக.”

தன் போனைத் திரும்ப வாங்கிப் பேசிய மீன்காரம்மா ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு கடற்கரையைச் சொன்னாள். மூன்று பஸ் மாறி ஹேமாவதி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கரையில் உட்கார்ந்தபடி விழித்தவனுக்கு இப்போது தண்ணீர் மார்புக்கு வந்திருந்தது. மீனவர்கள் கயிறு கட்டி இழுத்துப் பார்த்துக் கயிறு அறுந்ததுதான் மிச்சம். தீ மூட்ட அவனை ஒட்டி மணலைக் குவித்து மேடாக்கினார்கள். முதல் தீயை அலை விழுங்கியது. உடைந்த படகுப் பலகையைப் பிளந்து இரண்டாவது தீ மூட்டினார்கள். மீன்காரம்மா கொடுத்த மீனைக் கிள்ளி வைத்து, குறட்டின் வாயை மூடி, நனைந்த சேலையோடு தீயில் பிடித்தாள் ஹேமாவதி. தண்ணீர் அவன் தாடையைத் தொட்டபோது ரொட்டி சிவந்தது. முதல் ரொட்டியை ஊட்டினாள். சங்கிலி எழுந்து நின்றான்.

தீயருகே உட்கார்ந்து துவட்டிக்கொண்டபோதுதான் கேட்டான்.

“நேத்து உள்ள என்ன வச்ச?”

“சீனி.”

“முட்டை இல்லையா?”

“இருந்துச்சு.”

சங்கிலி கடல் பக்கம் திரும்பினான். இத்தனை வருஷமும் ஒரே மலைப்பாதையில் ஏறி இறங்கியவன் அவன். பிறகு குறட்டில் மிச்சமிருந்த ரொட்டியை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவளிடம் நீட்டினான். அதிலிருந்து நீ ஒரு வாய் தின்னக் கூடாது என்று ஜக்கம்மா முதல் நாளே கண்டித்திருந்தாள். ஹேமாவதி வாங்கித் தின்றாள். மறுநாள் இருவரும் ஒன்றாக விழித்த ஊரில், பஸ் பலகையின் எழுத்து இருவருக்கும் படிக்கத் தெரியாததாக இருந்தது.

அடுத்த சித்திரையில் வீரபாண்டிக்கு வந்து முறைப்படி தீச்சட்டி எடுத்தார்கள். காப்பை அவிழ்க்கப் பூசாரி கை நீட்டியபோது சங்கிலி தன் கையைப் பின்னால் வைத்துக்கொண்டான். அவர் வற்புறுத்தவில்லை; பின்னால் வரிசை நீளமாக இருந்தது. இப்போது குறடு, தீப்பெட்டி, ஒரு பாக்கெட் ரொட்டி மூன்றையும் நடுவில் போட்டுக்கொண்டுதான் இருவரும் படுக்கிறார்கள். ஜீப்பை வேறு ஆள் ஓட்டுகிறான். மகனும் மருமகளும் எங்கே என்று யாராவது கேட்டால், ஜக்கம்மா வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே பதில் சொல்கிறாள்:

“நேத்து என்னத்தச் சாப்பிட்டாகளோ, யாருக்குத் தெரியும்?”